கயிறு பிடிக்கிறவர்கள்

பார்வையாளர் பங்கேற்பு பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எங்கள் மலையகத் தோட்டங்களில் மாசியில் ஆடும் காமன் கூத்தில் வீரபத்திரன் இடுப்பில் கட்டும் கயிறுதான். கருத்தரங்குகளில் பேசுகிறவர்கள் வேறு விஷயங்களைச் சொல்வார்கள். ஆடுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் நடுவில் இருக்கும் சுவரை உடைக்க வேண்டும், பார்க்கிறவர் கை வைத்தால்தான் படைப்பு முழுமையாகும், பழைய சடங்குக் கூத்துகளில் அந்தச் சுவரே கிடையாது, இன்றைய ஆற்றுகைக் கலை (performance art) திரும்பவும் அங்கேதான் போகிறது, இப்படி. எல்லாம் சரிதான். ஆனால் உள்ளே வந்த பார்வையாளருக்கு அங்கே என்ன வேலை, அவர் எதற்குப் பொறுப்பு என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கண்டியில் ஓர் ஆற்றுகையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. யாரிடமாவது வாதாடித் தீர்த்துக்கொள்ளலாம் என்றால், வாதாட நல்ல ஆளே கிடைத்தும் தீரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம். மாசியில் மூன்றாம் பிறை கண்டதும் கூத்து நடக்கும் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். ரதிக்கும் மதனுக்கும் வேஷம் கட்டப்போகிறவர்கள் காப்புக் கட்டிக்கொள்வார்கள், கவுச்சி கிடையாது, குடி கிடையாது, வீட்டில் தனிப்பாய். பகலில் வழக்கம்போல மலைக்கு வேலைக்குப் போய்விட்டு இரவில் தப்பு மேளச் சத்தம் கேட்டதும் எல்லோரும் பொட்டலுக்கு வந்துவிடுவார்கள். கதை எல்லோருக்கும் தெரியும். மதன் சிவனின் தவத்தைக் கலைக்கப் போவான், எரிவான், ரதி அழுவாள், பிறகு எழுவான். தெரிந்த கதையை விடிய விடிய ஏன் பார்க்கிறார்கள் என்று கொழும்பிலிருந்து வந்த நண்பி ஒருத்தி கேட்டாள். பார்ப்பதற்காக யாரும் வருவதில்லை என்பதுதான் உண்மை. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது.

ரதி மதன் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டத்தில் மேல் டிவிசன் பெண் வீடு, கீழ் டிவிசன் மாப்பிள்ளை வீடு. அந்த இரவுக்காக மட்டும் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள், கம்பம் ஊன்றிய நாளிலிருந்தே அப்படித்தான். ரதியாக ஆடுகிற அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள், பகலில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர். ஆனால் மேல் டிவிசன் பெண்கள் அவருக்குச் சேலை எடுப்பார்கள், கையில் வளையல் போடுவார்கள், சீர்த்தட்டு தூக்குவார்கள். மொய் எழுதுவார்கள், அதற்குக் கொப்பி உண்டு. சீர் குறைந்தால் கீழ் டிவிசன் ஆட்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அந்த முகம் சில வேளை சித்திரை வரைக்கும் இறங்காது. மதன் ரதியிடம் விடை கேட்கிற கட்டத்தில் பொட்டலில் உட்கார்ந்திருக்கிற கிழவிகள் "போகாதப்பா, சொன்னா கேளு" என்று சத்தமாகவே சொல்வார்கள். ஆடுகிறவர் அதற்கும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பாட்டை எடுப்பார்.

கம்பத்துக்கு நெருப்பு வைத்த பிறகு ரதி புலம்பல். அதை ரதி மட்டும் பாடுவதில்லை. எங்கள் அப்பாயி ஒவ்வொரு வருசமும் அந்த இடத்தில் எழுந்து போய் ரதியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழும். மதனுக்காக அழ ஆரம்பித்து இரண்டாவது அடியிலேயே தன் தம்பி பெயரைச் சொல்லும். தோட்டத் தமிழர்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரில் அந்தத் தம்பியும் ஒருவர். தலைமன்னாரில் கப்பல் ஏறியவர், கோத்தகிரியிலிருந்து சில கடிதங்கள், அப்புறம் ஒன்றுமில்லை. செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாத ஆளுக்கு வீட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்க முடியாது, அது அபசகுனம். மாசி மாதம் எரிந்த மதனுக்குப் பக்கத்தில் நின்று வைக்கலாம். பொட்டலில் நின்ற பாதிப் பெண்களுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது. ரதி வேஷக்காரர் அத்தனை பெயர்களையும் தன் பாட்டுக்குள் வாங்கிக்கொள்வார். அதற்கும் பயிற்சி வேண்டும். கூத்து மாஸ்டர் தாளத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பார், கிழவி முடிக்கும் வரைக்கும் தப்பு தாழ்ந்து ஒலிக்கும்.

சரி, கயிற்றுக்கு வருகிறேன். சிவனின் கோபம் வீரபத்திரனாக இறங்கி வருகிற கட்டம்தான் இரவிலேயே ஆபத்தானது. அந்த வேஷம் கட்டுகிறவருக்கு அருள் வந்துவிடும். நடிப்பாகத் தொடங்குவது எந்த இடத்தில் நடிப்பைத் தாண்டுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது, ஆடுகிறவராலும்தான். கையில் கத்தி இருக்கும். சுற்றிலும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். எனவே இடுப்பில் கயிற்றைக் கட்டி நான்கு பேர் பின்னால் பிடித்துக்கொள்வார்கள். அந்த நான்கு பேருக்கு வேஷம் கிடையாது, பாட்டு கிடையாது, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆனால் அவர்களும் காப்புக் கட்டியவர்கள், விரதம் இருந்தவர்கள். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் செத்துப்போகும், விட்டுவிட்டால் வீரபத்திரன் கூட்டத்துக்குள் போய்விடுவார். அவர் பாய்கிற அந்த நொடியில் விட வேண்டும், பிள்ளைகள் பக்கம் திரும்புகிற நொடியில் இழுக்க வேண்டும். கடைசியில் அவர் மயங்கிச் சரியும்போது தரையில் விழாமல் தாங்க வேண்டும், தண்ணீர் தெளித்துக் காதில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். என் அப்பா இருபத்தைந்து வயதிலிருந்து முழங்கால் போகும்வரை அந்தக் கயிற்றைப் பிடித்தவர். அவரிடம் யாராவது நீங்கள் நடிகரா பார்வையாளரா என்று கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது. அவர் கயிறு பிடிக்கிறவர், அவ்வளவுதான்.

மேடைக்கு ஏறிய கயிறு

இதே கயிற்றை நான் மண்டபத்திலும் பார்த்திருக்கிறேன். ஒரு கலை விழாவில் காமன் கூத்தை நாற்பது நிமிடத்துக்குச் சுருக்கி மேடை ஏற்றினார்கள். நல்ல பயிற்சி, உடையெல்லாம் பளபளவென்று, பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். வீரபத்திரன் வந்தபோது இரண்டு மாணவர்கள் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கயிறு தொய்ந்து கிடந்தது. அதைப் பிடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை, ஏனென்றால் வீரபத்திரன் எந்த அடியில் நிற்பார் என்று எல்லோருக்கும் தெரியும். சபை கைதட்டியது. நானும் தட்டினேன், அந்தப் பிள்ளைகள் அதற்குத் தகுதியானவர்கள்.

கூத்தை மேடைக்குக் கொண்டுபோனதைக் குறைசொல்ல நான் வரவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் என்று கூத்துகளை நேரம் குறைத்து, ஆட்டத்தைச் செப்பம் செய்து, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவராமல் இருந்திருந்தால், படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அதற்கு முன் 1956இல் சரச்சந்திரவின் மனமே நாடகம் சிங்கள நாடகத்துக்கு நாடகம என்ற கூத்து மரபிலிருந்து ஒரு புது வழியைத் திறந்திருந்தது. இரண்டும் பெரிய காரியங்கள். ஆனால் அந்தப் பயணத்தில் கூத்தாடும் வட்டக்களரியைச் சுற்றி நின்றவர்கள் ஒரு பக்கமாக, இருட்டில், நாற்காலிகளில் உட்கார வைக்கப்பட்டார்கள். பிறகு வந்தவர்கள் அந்த நாற்காலிகளிலிருந்து அவர்களை எழுப்புவதற்குப் படாத பாடு படுகிறார்கள். கண்டியில் நான் பார்த்த ஆற்றுகையும் அப்படியான ஒரு முயற்சிதான்.

கண்டியில் ஒரு கூடை

ஆற்றுகை செய்தவர் இளம் பெண், மலையகத்தில் பிறந்து கொழும்பில் ஓவியம் படித்தவர். பெயர் வேண்டாம். ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில், வெறும் சீமெந்துத் தரையில், கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். முன்னால் ஒரு நீள மேசை. அதில் ஆற்றுக்கல், செங்கல், தேயிலைப் பைக்கற்று, பழைய கணக்குப் புத்தகங்கள், ஓர் அம்மிக் குழவி. சுவரில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது: எதை வேண்டுமானாலும் எடுத்துக் கூடையில் போடலாம், நான் ஒரு மணித்தியாலம் நிற்பேன்.

வந்திருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் கண்டி, கொழும்புக்காரர்கள். விரிவுரையாளர்கள், மாணவர்கள், அரசசார்பற்ற நிறுவனங்களில் வேலை செய்கிறவர்கள். தோட்டப் பெண்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேரையும் வான் வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள், அதில் என் சின்னம்மாவும் ஒருத்தி. முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவள். அவளைக் கவனித்துக்கொள்ளத்தான் நான் போனேன்.

முதலில் யாரும் கிட்டப் போகவில்லை. பிறகு ஒரு மாணவன் ஒரு தேயிலைப் பைக்கற்றைப் போட்டான். அடுத்து இன்னொருவர். பத்து நிமிடத்தில் வரிசை வந்துவிட்டது. கல் விழுகிற சத்தம் கேட்கக் கேட்க ஆட்களுக்கு ஒரு வேகம் வந்தது, அதை என்னால் தெளிவாகப் பார்க்க முடிந்தது. செங்கல்லைப் போட்டுவிட்டு ஒருவர் நண்பரைப் பார்த்துச் சிரித்தார். வேறொருவர் கையில் எடுத்த கல்லை வைத்துவிட்டுப் பெரிய கல்லாகத் தேடினார். கெட்டவர்கள் யாரும் அங்கே இல்லை. அழைப்பை ஏற்றுக்கொண்டவர்கள்தான் எல்லோரும். அந்தப் பிள்ளையின் கழுத்து நரம்பு புடைத்து நின்றது, முழங்கால் ஆடத் தொடங்கியது. அம்மிக் குழவியை ஒருவர் தூக்கிக்கொண்டு போனபோது சின்னம்மா என் பக்கத்திலிருந்து எழுந்துவிட்டாள்.

நேரே போனாள். பின்னாலிருந்து கூடையின் அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, கூட வந்த இன்னொரு அக்காவைக் கண்ணால் கூப்பிட்டாள். இரண்டு பேருமாகக் கயிற்றைத் தலையிலிருந்து கழற்றி, கூடையைக் கீழே இறக்கினார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒருத்தி கூடையை இன்னொருத்தி இறக்கிவிடுவாளே, அதே கை, அதே நிதானம். "போதும் புள்ள, இறக்கு" என்று மட்டும் சொன்னாள். பிறகு அந்தப் பிள்ளையின் நெற்றியில் கயிறு பதிந்திருந்த இடத்தைப் பெருவிரலால் தேய்த்துவிட்டாள். குழவியோடு நின்றவருக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஏற்பாட்டாளர்களில் ஒருவர், "அம்மா, அது நிகழ்ச்சியோட ஒரு பகுதி, இன்னும் நேரம் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். சின்னம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை சின்னம்மாவின் தோளில் சாய்ந்து நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கலந்துரையாடல் வைத்தார்கள். ஒரு விரிவுரையாளர், படைப்பு நடுவில் குலைக்கப்பட்டுவிட்டது என்றார். இன்னொருவர், இல்லை, இதுதான் உண்மையான பங்கேற்பு, படைப்பு இங்கேதான் முழுமையானது என்றார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தும் சின்னம்மா பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். திரும்பி வரும்போது கினிகத்தேனை தாண்டின பிறகு தானாகவே சொன்னாள்: "எல்லாரையும் போடச் சொல்லி எழுதி வச்சாங்க. அந்தப் புள்ளைய யாரு புடிச்சிக்கிறதுன்னு ஒருத்தருக்கும் சொல்லலியே."

எனக்கு அப்போதுதான் அப்பாவின் கயிறு ஞாபகம் வந்தது.

பொறுப்பு யாருடையது

மரினா அப்ரமோவிச் 1974இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் செய்த ரிதம் 0 என்ற ஆற்றுகையைப் பற்றி இந்தத் துறையில் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மேசையில் 72 பொருட்கள், ரோஜாவும் தேனும் இருந்தன, கத்தரிக்கோலும் ஒரு தோட்டாவும் துப்பாக்கியும் இருந்தன. ஆறு மணி நேரம், என்மேல் எதையும் பயன்படுத்தலாம் என்று அறிவிப்பு. உடையைக் கிழித்தார்கள், தோலைக் கீறினார்கள், கடைசியில் ஒருவர் துப்பாக்கியை அவர்மேல் குறிவைக்கும் அளவுக்குப் போனது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் மனிதர்களுக்குள் இருக்கிற மிருகத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு இரண்டு. ஒன்று, பொறுப்பு முழுவதும் என்னுடையது என்று அவர் அந்த அறிவிப்பிலேயே எழுதியிருந்தார். இரண்டு, துப்பாக்கியைத் தட்டிவிட்டதும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்தான், அவருக்காகக் கூட்டத்துக்குள்ளேயே சண்டை போட்டவர்கள் இருந்தார்கள். துப்பாக்கியைப் பிடித்தவரைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள், அதைத் தட்டிவிட்டவர்களைப் பற்றி ஒரு வரிக்கு மேல் நான் படித்ததில்லை.

யோகோ ஓனோ 1964இல் கியோட்டோவில் முதலில் நிகழ்த்திய கட் பீஸிலும் அமைப்பு கிட்டத்தட்ட இதுதான். கலைஞர் அசையாமல் உட்கார்ந்திருப்பார், வருகிறவர் கத்தரிக்கோலை எடுத்து அவர் உடையில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போவார். இரண்டுமே பெரிய படைப்புகள், எனக்கு அதில் சந்தேகம் இல்லை. அதிகாரம் கையில் கிடைத்தால் சாதாரண மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று அவை காட்டின, போரும் சர்வாதிகாரமும் பார்த்த தலைமுறைக்கு அது தேவையாக இருந்தது. ஆனால் அவற்றில் பார்வையாளருக்குக் கிடைப்பது செய்வதற்கான அனுமதி மட்டும். காமன் பொட்டலில் அனுமதி என்ற பேச்சே கிடையாது, கடமை இருக்கிறது. மேல் டிவிசன் சீர் கொண்டுவராவிட்டால் கல்யாணம் நடக்காது. கிழவிகள் அழாவிட்டால் புலம்பல் பாதியில் நிற்கும். கயிறு பிடிக்க ஆள் இல்லாவிட்டால் வீரபத்திரனை இறக்கவே மாட்டார் மாஸ்டர். ஒருவர் தன்னை இழந்து ஆட வேண்டுமென்றால் அவரைத் தாங்குகிறவர்கள் யார் யார் என்பது முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் அதை முடிவுசெய்த பிறகுதான் வேஷம் யாருக்கு என்றே பேசுவார்கள்.

கண்டி மண்டபத்தில் அந்த வேலைக்கு யாரையும் வைக்கவில்லை. சின்னம்மா தானாக எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். அங்கே இருந்த எத்தனையோ பேருக்கு அந்தப் பிள்ளை வலியில் நிற்பது தெரிந்துதான் இருந்தது, எனக்கும் தெரிந்தது. ஆற்றுகையை மதிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தோம். படித்த பார்வையாளர் என்றால் தலையிடாமல் இருப்பவர் என்று எங்களுக்குப் பழக்கிவிட்டார்கள். சின்னம்மாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவள் பார்த்து வளர்ந்த ஆட்டங்களில் ஒருவர் சரிவதற்கு முன்னால் பக்கத்தில் நிற்பவர் கை நீட்டியாக வேண்டும்.

அவர் சொன்ன பதில்

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண்ணோடு தொலைபேசியில் பேசினேன். நான் எதிர்பார்த்ததுபோல அவர் நன்றி சொல்லவில்லை. "அக்கா, அவங்க மேல எனக்குக் கோபமில்ல, ஆனா அவங்க அந்தக் கூட்டத்தைக் காப்பாத்திட்டாங்க" என்றார். அவர் விளக்கினது இது. அந்த ஒரு மணித்தியாலமும் முடிந்து, கூடை நிறைந்து, தான் விழுந்திருந்தால் அந்தக் கல்லைப் போட்டவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். இருநூறு வருசமாக எங்கள் அம்மாக்கள் முதுகில் ஏற்றினதை யாரும் பார்த்ததில்லை, அன்றைக்காவது பார்க்க வைக்க நினைத்தேன். சின்னம்மா வந்து இறக்கிவிட்டதும் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிட்டது. மனசு நெகிழ்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அது எனக்கு வேண்டாம். எப்போதும் எங்கள் பெண்கள்தான் இறக்கிவிட வேண்டுமா? ஏற்றினவர்களில் ஒருவர்கூட எழுந்து வரவில்லையே.

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. இப்போதும் அதில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு என்று கழிப்பார்கள், கூடைக்கு என்று கழிப்பார்கள், கழித்ததைக் கேட்க எங்கள் பெண்களுக்கு வாய் இருந்ததில்லை. ஒருத்தி கூடையை இன்னொருத்தி இறக்கிவிட்டுக்கொண்டே இருந்ததால்தான் அந்தக் கூடையின் கனம் மடுவத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாமல் போனது என்றும் சொல்லலாம். அந்தப் பெண்ணின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், தான் விழுவதைக் காட்டித்தான் அந்தக் கனத்தைப் புரியவைக்க முடியும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. வீரபத்திரனைக் கயிறு கட்டிப் பிடிப்பதால் அவருடைய கோபம் குறைந்துபோவதில்லை. பிடிக்க ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அவரால் அவ்வளவு தூரம் போக முடிகிறது. அதைத்தான் அவரிடம் சொன்னேன். "அப்படின்னா கயிறு யாரு கையில இருக்குன்னு சொல்லுங்க அக்கா" என்றார். நல்ல கேள்வி.

ஏனென்றால் பொட்டலில் கயிறு ஆண்கள் கையில் மட்டும்தான் இருக்கிறது. ரதியும் ஆண், கயிறும் ஆண், மாஸ்டரும் ஆண். பெண்களுக்குச் சீர்த்தட்டும் அழுகையும். அதோடு தப்பு அடிக்கிறவர்களின் குடும்பத்தைக் கூத்து முடிந்ததும் எங்கே வைத்துச் சாப்பாடு போட்டார்கள் என்பதையும் நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், இன்றைக்கு அது மாறிவிட்டது என்று சொல்கிறவர்கள் எல்லாத் தோட்டத்துக்கும் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று மேலே பெருமையாக எழுதினேன், அந்த வேலையைப் பிறப்பு முடிவுசெய்கிறபோது அதில் ஒரு விலங்கும் இருக்கிறது. பிரேசிலின் அகஸ்தோ போவால் 1970களில் உருவாக்கிய மன்ற அரங்கை மலையகத்தில் சில குழுக்கள் லயன் குடியிருப்புகளில் செய்து பார்த்திருக்கிறேன். குடிகாரக் கணவன் கதையில் ஓர் இடத்தில் நாடகத்தை நிறுத்தி, பார்க்கிறவர்களில் ஒருவரை மேடைக்கு வந்து மனைவியின் இடத்தில் நின்று மாற்றிச் செய்யச் சொல்வார்கள். எல்லோரும் எதிர்பார்க்கிற நல்ல பதிலைச் சொல்லிவிட்டு இறங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் ஒருமுறை ஒரு அக்கா ஏறி வந்து சம்பளப் பணத்தை என் கையில் கொடுக்கச் சொல்லு என்று மேடையிலிருந்தே கூட்டத்தில் இருந்த தன் புருசனைப் பார்த்துச் சொன்னார். கூத்துப் பொட்டலில் அந்த வார்த்தைக்கு இடம் கிடைத்திருக்காது. புதிய அரங்கு கொண்டுவந்த நல்லதை மறைத்துவிட்டுப் பழசைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் நான் இப்போது செய்துகொண்டிருப்பது ஒரு சின்ன வேலை. எங்கள் தோட்டத்து இளம் பிள்ளைகளில் பாதிப் பேர் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் நிற்கிறார்கள், மாசிக்கு லீவு கிடைப்பதில்லை. போன வருசம் கயிறு பிடிக்க நான்காவது ஆள் இல்லாமல் வீரபத்திரனை இறக்கவில்லை. மாஸ்டர் அந்தக் கட்டத்தைப் பாட்டாலேயே கடத்திவிட்டார். கண்டியில் ஆடிய பெண் வருகிற மாசிக்கு எங்கள் பொட்டலுக்கு வர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மாஸ்டரிடம் சொன்னேன். "வேடிக்க பாக்க வரதுன்னா வேணாம். பொண்ணு வீட்டுப் பக்கம் ஒரு வேலைய எடுத்துக்கச் சொல்லு புள்ள, காப்புக் கட்டிக்கச் சொல்லு" என்றார். சரி என்றேன். அப்புறம், கயிற்றுக்கு ஆள் குறைகிறதே, சின்னம்மாவும் நானும் பிடிக்கலாமா என்று கேட்டேன். சின்னம்மாவுக்கு வயது அறுபத்திரண்டு, ஆனால் இருபது கிலோ கொழுந்தைத் தூக்கின கழுத்து, அந்தக் கையைப் பற்றி யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை. மாஸ்டர் வெற்றிலையை மென்றுகொண்டு கொஞ்ச நேரம் பொட்டல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "பெரியவங்ககிட்ட பேசணும்" என்றார். பேசினாரா என்று தெரியவில்லை. மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நான் ஒவ்வொரு ஞாயிறும் அவர் வீட்டு இஸ்தோப்பில் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மேல் டிவிசனில் இதுவரைக்கும் எட்டுப் பெண்கள் என்னோடு வருகிறார்கள்.